ஒரே அலமாரியில் இரண்டு தைலங்கள்: நீலகிரித் தோட்டக் குடியிருப்பில் ஒரு குழந்தைக்கு நேர்ந்த நச்சுறுதல்

இந்த ஆய்வில் வரும் வீடும் மனிதர்களும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவர்கள். நீலகிரியின் தோட்டக் குடியிருப்புகளில் நிகழக்கூடியவையும் மருத்துவ இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருப்பவையுமான கூறுகளைச் சேர்த்து, கிராமச் செவிலியர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் பயன்படும் வகையில் இந்நிகழ்வு எழுதப்பட்டுள்ளது. இதில் தரப்படும் வேதியியல் எண்களும் மருத்துவத் தரவுகளும் உண்மையானவை.

நிகழ்வு

குன்னூர் வட்டத்திலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் லைன் வீட்டில் வசிக்கும் இரண்டரை வயது ஆண் குழந்தை. எடை 11 கிலோ. இதற்கு முன் வலிப்போ மூச்சிரைப்போ இருந்ததில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்திருந்தது. குழந்தைக்கு நான்கைந்து நாட்களாக இருமல் சிரப் கொடுத்து வந்தார்கள். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகலில், பாட்டி தனக்கு ஆவி பிடிப்பதற்காக வெந்நீர்ச் சட்டியில் நீலகிரித் தைலம் சில சொட்டுகள் விட்டு, போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தைலப் பாட்டில் மூடி திறந்தபடி பக்கத்தில் தரையிலேயே இருந்தது. அவர் போர்வையை விலக்கியபோது குழந்தை பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு இருமி அழுதுகொண்டிருந்தான். சுவெட்டரின் முன்பகுதி நனைந்திருந்தது. வாயிலும் மூச்சிலும் தைல வாடை வீசியது.

பாட்டியின் கூச்சல் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பெண், குழந்தையின் தொண்டைக்குள் விரலை விட்டு ஒருமுறை வாந்தி எடுக்க வைத்தார். வாந்திக்குப் பின் இருமல் தணியவில்லை, மேலும் கூடியது. இன்னொருவர் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தார். அதற்குள் தோட்டத்து டிஸ்பென்சரியின் செவிலியர் வந்து சேர்ந்து, "அக்கா, இனி எதையும் வாயில் ஊத்தாதீங்க, பாட்டிலை மட்டும் பத்திரமா எடுத்துக்கங்க" என்று சொல்லி உப்புத் தண்ணீரைத் தடுத்துவிட்டார். கால் மணி நேரத்திற்குள் குழந்தையின் நடை தள்ளாடியது. பிறகு கண்கள் செருகத் தொடங்கின. 108 ஊர்தி குன்னூரிலிருந்து மேலேறி வந்து திரும்ப ஆகும் நேரத்தைக் கணக்கிட்ட செவிலியர், தோட்டத்து ஜீப்பிலேயே குழந்தையை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து அழைத்துச் சென்றார்.

குடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின் மருத்துவமனையை அடைந்தபோது, குழந்தை அழைத்தால் விழிக்கவில்லை. கிள்ளினால் மட்டும் முனகினான். கண்மணிகள் சுருங்கியிருந்தன. கை கால்கள் தளர்ந்து, முழங்கால் அனிச்சை மந்தமாக இருந்தது. மூச்சு நிமிடத்திற்கு 18 என்று அந்த வயதுக்குக் குறைவாகவும் மேலோட்டமாகவும் இருந்தது. இரத்த ஆக்சிஜன் செறிவு 91 விழுக்காடு. காய்ச்சல் இல்லை. இரத்தச் சர்க்கரை இயல்பான அளவில் இருந்தது. மயங்கிய குழந்தை எவராயினும் இதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் சர்க்கரைக் குறைவும் இதே தோற்றத்தைத் தரும், அதைச் சரிசெய்யச் சில நிமிடங்களே போதும்.

எந்தப் பாட்டில்

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன குடித்தான் என்பது. "தைலம்" என்றார் பாட்டி. அந்தச் சொல் மலையில் போதுமான விடையன்று. உதகையிலோ குன்னூரிலோ தைலக் கடைக்குள் நுழைந்தால் ஒரே அலமாரியில், ஒரே வடிவப் பாட்டிலில், ஒரே மாதிரி வெளிர்ந்த நிறத்தில் நீலகிரித் தைலம் எனப்படும் யூக்கலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். முன்னது சளிக்கு, பின்னது மூட்டுவலிக்கு. இந்த வீட்டிலும் இரண்டும் இருந்தன. தைலம் காய்ச்சும் கொட்டகையில் சில்லறையாக வாங்கிய யூக்கலிப்டஸ் தைலம் ஒரு காலி இருமல் சிரப் பாட்டிலில் இருந்தது. ஈரோட்டிலிருந்து வந்த உறவினருக்காக வாங்கி, அவர் மறந்துவிட்டுப் போன விண்டர்கிரீன் தைலமும் அதேபோன்ற பழுப்புப் பாட்டிலில் அதே பலகையில் இருந்தது. எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை.

இரண்டும் இலையிலிருந்து வடிக்கப்படும் தைலங்கள். நஞ்சாக மாறும் விதத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. யூக்கலிப்டஸ் தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்னும் சேர்மம். மருந்துத் தரத் தைலத்தில் குறைந்தது 70 விழுக்காடு அது இருக்க வேண்டும். கொழுப்பில் எளிதில் கரையும் இச்சேர்மம் குடலிலிருந்து விரைவாக இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்துவிடுகிறது. ஆகவே தள்ளாட்டம், உறக்கம், மயக்கம், சிலருக்கு வலிப்பு ஆகியவை பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தோன்றுகின்றன. சில மணி நேரம் தாமதித்து வருவதும் உண்டு. கல்லீரல் சினியோலை மாற்றிச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், மூச்சுவழி காப்பாற்றப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெளிந்துவிடுகிறார்கள்.

விண்டர்கிரீன் தைலத்தின் போக்கு வேறு. அது ஏறத்தாழ முழுவதுமே மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரின் உடலில் என்னவாக மாறுகிறதோ, அதே சாலிசிலேட்டாகவே இதுவும் மாறுகிறது. ஆனால் செறிவு மிரட்டக்கூடியது. ஒரு மில்லிலிட்டர் விண்டர்கிரீன் தைலம் சுமார் 1.4 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், சுமார் 7 கிராம். 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கும் மேல் என்று பொருள். நம் குழந்தையின் எடைக்கு அது கிலோவுக்கு 630 மில்லிகிராமைத் தாண்டும். சாலிசிலேட் நச்சில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை இலேசான பாதிப்பு, 300க்கு மேல் கடுமையானது, 500க்கு மேல் உயிர் போகக்கூடியது என்பது மருத்துவர்கள் கையாளும் வரம்பு. சிறு குழந்தைகள் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக விண்டர்கிரீன் தைலம் குடித்து இறந்த பதிவுகள் உள்ளன. கொடுமை என்னவென்றால், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குழந்தை ஓரளவு நன்றாகவே தோன்றக்கூடும். வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, உடல் சூடு, இரத்தத்தின் அமிலநிலை மாற்றம் எல்லாம் பின்னால்தான் வருகின்றன. காதுக்குள் இரைச்சல் கேட்பது ஒரு முன்னறிகுறி. இரண்டரை வயதுக் குழந்தை அதை எப்படிச் சொல்லும்?

எனவே எந்தப் பாட்டில் என்ற கேள்வியிலேயே சிகிச்சையின் திசை தங்கியிருந்தது. முதலாவதானால் மூச்சைக் காத்துக் காத்திருக்கலாம். இரண்டாவதானால் சிரை வழியே பைகார்பனேட் செலுத்துவது, தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பு வசதியுள்ள கோயம்புத்தூருக்கு இருட்டுவதற்குள் மலையிறக்குவது என்று உடனே முடிவெடுக்க வேண்டும்.

விரைவாக மயங்கியதும் கண்மணி சுருங்கியதும் மூச்சு மந்தமானதும் யூக்கலிப்டஸையே சுட்டின. மணமும் அதையே சொன்னது: மூக்கில் ஏறும் குளிர்ந்த காரம் இருந்தது, வலிக்குப் பூசும் களிம்பின் இனித்த வாடை இல்லை. ஆனால் வீடு முழுதும் தைலம் ஊறிய குடும்பத்தின் துணியிலிருந்து வரும் மணத்தை நம்பி ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கலாகாது. செவிலியர் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தது இங்கேதான் உதவியது. ஆய்வகப் பணியாளர் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் எஞ்சியிருந்ததில் சில சொட்டுகளை அதில் விட்டு, கண்ணாடிக் குச்சியால் அழுத்திப் பார்த்தார். அழுத்தியும் சொட்டுகள் மேலே வந்து மிதந்தன. யூக்கலிப்டஸ் தைலத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 0.92 கிராம், தண்ணீரில் மிதக்கும். மெத்தில் சாலிசிலேட்டின் அடர்த்தி 1.18, மூழ்கும். செலவில்லாத இந்தச் சோதனை எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடியது. எனினும் இரண்டையும் கலந்து விற்றிருந்தால் இது ஏமாற்றிவிடும். அதற்காகக் குழந்தையின் சிறுநீர் கிடைத்ததும் அதில் பெரிக் குளோரைடு கரைசல் சில சொட்டுகள் சேர்த்துப் பார்த்தார்கள். சாலிசிலேட் சிறிதளவு இருந்தாலும் ஊதா நிறம் தோன்றும், தோன்றவில்லை. இந்தச் சோதனை சாலிசிலேட் உடலுக்குள் சென்றதா என்பதை மட்டுமே சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது. நம் கேள்விக்கு அதுவே போதுமாக இருந்தது.

எவ்வளவு

அளவைக் கண்டறிவதில் எப்போதும் ஒரு கற்பனைத் துல்லியம் நுழைந்துவிடுகிறது. "ஒரு மடக்குதான் குடிச்சிருப்பான்" என்று பதற்றத்தில் சொல்லப்படும் சொல், வழக்குக் குறிப்பில் "5 மி.லி." என்று எழுதப்பட்டு, பிறகு அளந்து பார்த்த உண்மைபோல் உலவுகிறது. இந்த வயதுக் குழந்தையின் ஒரு மடக்கு சராசரியாக 5 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எத்தனை மடக்கு, எவ்வளவு சுவெட்டரில் போயிற்று, எவ்வளவு வாந்தியில் வந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. பாட்டிலில் முன்பு இருந்ததாகப் பாட்டி காட்டிய மட்டத்திற்கும் இப்போதைய மட்டத்திற்கும் இடையே 10 மில்லிலிட்டர் குறைந்திருந்தது. அதை மேல்வரம்பாகக் கொண்டு, 2 முதல் 10 மில்லிலிட்டர் வரை என்று எழுதுவதே நேர்மையானது. கண்காணிப்பு எப்போதும் மேல்வரம்பை வைத்தே திட்டமிடப்பட வேண்டும்.

இந்த வரம்புக்குள் என்ன எதிர்பார்க்கலாம்? மெல்போர்ன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 1981 முதல் 1992 வரை யூக்கலிப்டஸ் தைலம் குடித்துச் சேர்க்கப்பட்ட 109 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு, 2, 3 மில்லிலிட்டரிலேயே இலேசான மந்தநிலை வரலாம் என்றும், தூய தைலம் 5 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ ஆனால் நினைவிழப்பு வரை போகலாம் என்றும் கண்டது. குயின்ஸ்லாந்தில் 41 குழந்தைகளைப் பார்த்த மற்றோர் ஆய்விலோ ஐந்தில் நான்கு பேருக்கு எந்த அறிகுறியும் தோன்றவில்லை; நிறையக் குடித்ததாகச் சொல்லப்பட்ட சிலரும் நன்றாகவே இருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. சொல்லப்படும் அளவும் உள்ளே சென்ற அளவும் வேறு வேறு என்பதையே இவை சேர்ந்து காட்டுகின்றன. பெற்றோர் எதிர்பாராத திசையிலும் அந்த வேறுபாடு இருக்கலாம். குறைவாகக் குடித்தான் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை வழியில் மயங்கலாம். அறிகுறியே இல்லாத குழந்தையையும் சில மணி நேரம் கண்ணெதிரே வைத்திருப்பது இதற்காகத்தான்.

சிகிச்சையும், வாந்தி என்னும் பழக்கமும்

சிகிச்சையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் சினியோலுக்கு மாற்று மருந்து இல்லை. இடப்பக்கச் சாய்வு, வாயிலுள்ள சளியை உறிஞ்சி எடுத்தல், முகமூடி வழி ஆக்சிஜன், வலிப்பு வந்தால் கொடுக்க மிடாசோலம் தயாராக ஊசியில், மூச்சு இன்னும் தளர்ந்தால் குழாய் செலுத்தும் ஏற்பாடு. வயிற்றைக் குழாய்விட்டுக் கழுவவில்லை. வயிற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சுவதற்காகத் தரப்படும் கரித்தூளும் கொடுக்கவில்லை, தைலம் அதற்கு முன்பே இரத்தத்தில் கலந்துவிட்டிருக்கும், மயங்கிய குழந்தைக்குக் கரித்தூள் நுரையீரலுக்குள் போனால் கூடுதல் கேடு. வலிப்பு வரவில்லை. இரவு ஒன்பது மணியளவில் குழந்தை குரலுக்குக் கண் திறந்தான். மறுநாள் காலையில் பால் கேட்டான்.

ஆனால் மறுநாள் பிற்பகலில் காய்ச்சல் வந்தது. மார்பு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் மங்கலான நிழல். மயக்கத்தை உண்டாக்கியது குடித்த தைலம். இந்த நிழலை உண்டாக்கியது பெரும்பாலும் அந்த ஒரு வாந்தி. தைலம் தண்ணீரைப் போல் நீர்த்து ஓடக்கூடியது. தொண்டையில் ஏறும்போது சிறு துளி மூச்சுக்குழலுக்குள் நழுவினாலும் நுரையீரலின் உட்பரப்பில் மெல்லிய படலமாகப் பரவி அழற்சியை உண்டாக்கிவிடும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பது இன்று கிராமங்களில் பலருக்கும் தெரியும். அதே விதி தைலத்திற்கும் பொருந்தும் என்று தெரியாததற்குக் காரணம், மண்ணெண்ணெயை எரிபொருள் என்றும் தைலத்தை மருந்து என்றும் நாம் வேறுவேறு அறைகளில் வைத்திருப்பதே. நுரையீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. குழந்தை தானாக இருமியபோதே கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம் என்பதால் பழி முழுவதையும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் விரல்மேல் போடுவதும் சரியன்று.

தடுக்கப்பட்ட உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். அது வாந்தியை மட்டும் வரவழைப்பதில்லை. 11 கிலோ குழந்தைக்குச் சில தேக்கரண்டி உப்பு உள்ளே தங்கிவிட்டால் இரத்தச் சோடியம் ஆபத்தான உயரத்திற்குப் போகும். உப்புத் தண்ணீர் கொடுத்ததாலேயே இறந்தவர்களின் பதிவுகள் உள்ளன. இந்த நிகழ்வில் மிகப் பயனுள்ள சிகிச்சை எது என்று என்னைக் கேட்டால், டிஸ்பென்சரிச் செவிலியர் அந்தக் குவளையை வாங்கிக் கீழே வைத்ததையே சொல்வேன்.

நுரையீரல் அழற்சிக்கு முதல் நாள் நுண்ணுயிர்க்கொல்லி தரப்படவில்லை, ஏனெனில் அது வேதியியல் அழற்சி, கிருமித் தொற்று அல்ல. காய்ச்சல் இரண்டு நாட்களில் தணிந்தது; ஆக்சிஜன் தேவையும் நின்றது. ஐந்தாம் நாள் குழந்தை வீடு திரும்பினான்.

எலிக்கு உப்பு, குழந்தைக்குத் தைலம்

ஒரு பொருள் எவ்வளவு நச்சு என்பதற்கு நூல்களில் தரப்படும் எண், சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு. 1927இல் டிரெவான் என்னும் ஆங்கிலேய மருந்தியலாளர் மருந்துகளின் வீரியத்தை ஒப்பிட வகுத்த முறை அது. எலிக்கு வாய்வழியே கொடுத்தால் சினியோலுக்கு அந்த எண் கிலோவுக்குச் சுமார் 2,480 மில்லிகிராம். சமையல் உப்புக்குச் சுமார் 3,000. காபியிலுள்ள காபீனுக்கு 200க்கும் குறைவு. இந்த வரிசையை மட்டும் பார்ப்பவர், தைலம் ஏறக்குறைய உப்பைப் போன்றது, காபீனைவிடப் பத்து மடங்குக்கு மேல் சாதுவானது என்று முடிவு செய்வார்.

நம் குழந்தை 5 மில்லிலிட்டர் குடித்திருந்தால் அதன் எடை சுமார் 4.6 கிராம், அதில் சினியோல் 3.2 கிராம், கிலோவுக்கு 290 மில்லிகிராம். எலியின் எண்ணில் எட்டில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. அந்த அளவிலேயே அவன் கிள்ளினால் மட்டும் முனகும் நிலைக்குப் போனான். எண் பொய்யில்லை, அது வேறொரு கேள்விக்கான விடை. அந்த எண் சாவைக் கணக்கெடுக்கிறது. மயக்கத்தை, வலிப்பை, நுரையீரலுக்குள் நழுவும் துளியைக் கணக்கெடுப்பதில்லை. எலிக்கு வாந்தி எடுக்கவே இயலாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நம் குழந்தையை ஐந்து நாள் படுக்க வைத்த பாதிப்பு, அந்தச் சோதனையில் தோன்ற வழியே இல்லை. மேலும், 11 கிலோ குழந்தை உப்பைக் கைநிறைய அள்ளித் தின்னாது, நாக்கே தடுத்துவிடும். தைலத்தைச் சிரப் பாட்டிலிலிருந்து ஒரே மடக்கில் விழுங்கிவிடும்.

பொருளின் தன்மை ஒன்று, அது யாருடைய உடலுக்குள் எவ்வழியே எவ்வளவு விரைவில் எவ்வளவு செல்கிறது என்பது இன்னொன்று. ஆபத்து இவ்விரண்டும் சேர்ந்தது. ஆவி பிடிக்கப் பாட்டி விட்ட இரண்டு மூன்று சொட்டுகள் ஏறத்தாழ 0.1 முதல் 0.15 மில்லிலிட்டர், அதிலும் பெரும்பகுதி அறைக் காற்றில் கலந்துவிடுகிறது. குழந்தையின் ஒரு மடக்கு சுமார் நூறு சொட்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லி இந்த இடத்தில் முடித்துவிடுவது எளிது. அந்தப் பழமொழி யாருடைய அளவு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இயற்கைப் பொருளானால் தீங்கில்லை என்ற நம்பிக்கையையும் இந்த வீட்டில் காண முடிந்தது. கெமிக்கல் இருக்கிறது என்பதற்காகக் குழந்தைக்குப் பாக்கெட் நூடுல்ஸ் வாங்குவதை நிறுத்தியிருந்த தாய், காய்ச்சும் கொட்டகையிலிருந்து நேராக வந்த தைலத்தைத் தரையில் வைப்பதில் எந்தத் தயக்கமும் காட்டியதில்லை. கொட்டகையில் நடப்பதும் வேதியியலே. கற்பூர மரம் என்று இங்கே சொல்லப்படும் யூக்கலிப்டஸ் மரத்தின் இலையில் ஒன்றிரண்டு விழுக்காடே இருக்கும் தைலத்தை நீராவியால் பிரித்து, குளிரவைத்து, கலப்பில்லாத செறிவாகப் பாட்டிலில் அடைக்கிறார்கள். இலையை மென்றால் இந்த அளவை எட்டக் குழந்தை கைப்பிடி கைப்பிடியாகத் தின்ன வேண்டியிருக்கும். முதல் இலையிலேயே துப்பிவிடும். நீலகிரியின் உயரமான சரிவுகளில் வளரும் கால்தீரியாச் செடியின் இலையிலிருந்து வடித்த மெத்தில் சாலிசிலேட்டும், தொழிற்சாலையில் செய்யப்பட்டதும் ஒரே மூலக்கூறு. இன்று கடைகளில் விண்டர்கிரீன் என்று விற்கப்படுவதில் பெருமளவு தொழிற்சாலையில் செய்யப்பட்டதுதான். குழந்தையின் உடலுக்கு அதனால் கூடுதல் தீங்குமில்லை, குறைவுமில்லை.

பாட்டிலின் கழுத்து

1843இல் கேப்டன் காட்டன் என்பவரால் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த மரம், முதலில் விறகுக்காகவே பரப்பப்பட்டது. தைலம் காய்ச்சுவது அதன்பின் வளர்ந்த குடிசைத் தொழில். பலருக்குச் சோறு போடும் தொழில். அதை நிறுத்தச் சொல்வது இந்த ஆய்வின் நோக்கமன்று. இந்த நிகழ்வில் எந்த ஒரு மாற்றம் செய்திருந்தால் குழந்தை மருத்துவமனைக்கே வந்திருக்கமாட்டான் என்று பின்னோக்கிப் பார்த்தால், விடை பாட்டியின் கவனத்தில் இல்லை. சளியும் காய்ச்சலுமாகப் போர்வைக்குள் இருந்த ஒரு முதியவரிடம் இன்னும் கவனமாக இருங்கள் என்று சொல்வது வீண் அறிவுரை. விடை பாட்டிலில் இருக்கிறது.

சிரப் பாட்டில் இரண்டு வகையில் தவறான கொள்கலன். அகன்ற கழுத்து என்பதால் சாய்த்தவுடன் ஒரு மடக்கு கொட்டிவிடுகிறது. அதைவிட முக்கியம், அது என்னவென்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். சில நாட்களாக இனிப்பான சிரப் அதேபோன்ற பாட்டிலிலிருந்துதான் வந்தது. கண்ணாடிக்குப் பஞ்சமில்லாத மலை இது. பிளாஸ்டிக் தடையாலும், டாஸ்மாக் காலிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022இல் முதலில் இங்கேதான் தொடங்கியதாலும், காலிக் கண்ணாடிப் பாட்டிலுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. குவார்ட்டர் பாட்டிலில் தைலம், தைலப் பாட்டிலில் பினாயில் என்று சுற்றிவரும் இந்தப் பழக்கம் சிக்கனமானதுதான். உண்ணும் பொருள், குடிக்கும் பொருள், மருந்து ஆகியவை இருந்த பாட்டிலை மட்டும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது.

பாட்டிலின் வாயில் பொருத்தும் சொட்டு அடைப்பு, சாய்த்தாலும் துளித்துளியாகவே விடும். குழந்தை உறிஞ்சினாலும் ஓரிரண்டு மில்லிலிட்டர் வருவதற்குள் காரம் தாங்காமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம். அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் மூடி இன்னொரு வழி. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் நச்சுத் தடுப்புப் பொட்டலமிடல் சட்டத்தின் கீழ், எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் மெத்தில் சாலிசிலேட் உள்ள திரவங்களைக் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடியுடன்தான் விற்க முடியும். நம் கடைகளில் ஏறத்தாழ நூறு விழுக்காடு மெத்தில் சாலிசிலேட் சாதாரணத் திருகு மூடியுடன் சுற்றுலாப் பயணிகளின் பைக்குள் ஏறி, சமவெளியில் எந்தெந்த வீட்டு அலமாரிக்கோ போய்ச் சேருகிறது. மலையில் விற்ற பொருளால் நேரும் விபத்தைத் திருப்பூரிலோ மதுரையிலோ உள்ள மருத்துவர்தான் பார்க்கப்போகிறார் என்பதால், இந்தக் கேள்வி மலைக்கு மட்டும் உரியதும் அன்று.

குடிக்காமலேயே தைலம் தீங்கு செய்யும் சூழல்களும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூக்கருகிலும் முகத்திலும் தைலமோ பச்சைக் கற்பூரமோ மெந்தாலோ தடவக் கூடாது. குரல்வளை இறுகி மூச்சுத் தடைபடலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு யூக்கலிப்டஸ் தைலத்தை முகர்வதும் வலிப்பைத் தூண்டலாம் என்பதை 2017இல் பெங்களூரு மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டியது. முன்பு வலிப்பே வராதவர்களும் அந்நோயாளிகளில் இருந்தனர். ஆகவே காரணம் தெரியாத முதல் வலிப்புடன் வரும் நோயாளியிடம், ஆவி பிடித்தீர்களா, தைலமோ கற்பூரமோ பயன்படுத்தினீர்களா என்று கேட்பதை மலை மருத்துவமனைகள் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

இக்குடும்பத்திற்கு வீடு திரும்பும்போது சொல்லப்பட்டவை சில. விண்டர்கிரீன் பாட்டிலை வீட்டிலிருந்தே அகற்றுவது. யூக்கலிப்டஸ் தைலத்தைச் சொட்டு அடைப்புள்ள சிறு பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டி, உத்தரத்துப் பலகையில் வைப்பது. அடுத்த இரண்டு வாரங்களில் இருமலோ மூச்சிரைப்போ காய்ச்சலோ திரும்பினால் உடனே வருவது. இனி எப்போதாவது எவரேனும் எதையேனும் குடித்துவிட்டால், 108ஐயோ தில்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணையோ அழைத்து, பொருளின் பெயர், குழந்தையின் வயதும் எடையும், குடித்த நேரம், பாட்டிலில் குறைந்திருக்கும் அதிகபட்ச அளவு, அப்போது குழந்தை எப்படி இருக்கிறது ஆகியவற்றை இதே வரிசையில் சொல்வது. இந்த ஐந்தையும் செவிலியர் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாதென்பதால், பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்து அவருக்கும் ஒருமுறை விளக்கினார்.